களப்புச் சேற்றில் வாழும் செல்வம்: வன்னிக் கரையோரத்துக் கடற்புழுக்களும் மெல்லுடலிகளும்

வன்னி என்றதும் குளமும் வயலும் காடுமே நம் நினைவிற்கு வருகின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகிய குளங்களின் பெயரை அறியாத கமக்காரர் இப்பகுதியில் இலர். எனினும் வன்னிப் பெருநிலம் கடலையும் எல்லையாக உடையது. முல்லைத்தீவுக் கரையில் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்னும் களப்புகளும், அவற்றுக்கு வடக்கே சுண்டிக்குளக் களப்பும் அமைந்துள்ளன. கிளிநொச்சி மாவட்டம் ஆனையிறவு, பூநகரிப் பக்கங்களில் யாழ்ப்பாணப் பரவைக்கடலையும், மேற்கே பாக்கு விரிகுடாவையும் தொட்டு நிற்கின்றது. வவுனியா கடற்கரையில்லாத மாவட்டம். ஆயினும் அங்கு பெய்யும் மழைநீரில் ஒரு பங்கு இக்களப்புகளையே வந்து சேர்கின்றது.

களப்பின் வளத்தை மீன், இறால், நண்டு ஆகியவற்றைக் கொண்டே மக்கள் மதிப்பிடுவர். அம்மீனும் இறாலும் எதனை உண்டு வளர்கின்றன என்பதைச் சிந்திப்போர் சிலரே. வற்றுக் காலத்திற் காலடியில் மிதிபடும் கரிய சேற்றினுள் எண்ணிறந்த புழுக்களும், சிப்பி, மட்டி, ஊரி முதலிய மெல்லுடலிகளும் வாழ்கின்றன. அவை எவ்வெவ்வகையின, ஒவ்வொன்றும் ஆற்றும் தொழில் யாது, அவற்றைக் காப்பதில் கமக்காரருக்கும் மீன்பிடிப்போருக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

சேறும் அதனை உழும் புழுவும்

மண்புழு கமக்காரரின் நண்பன் என்பது யாவரும் அறிந்ததே. மண்ணை விழுங்கி வெளியேற்றி, காற்றும் நீரும் உட்செல்லத் துளைகள் செய்து, நிலத்தை இடைவிடாது புரட்டும் அதன் தொழிலைச் சாள்ஸ் டார்வின் என்னும் அறிஞர் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரித்துரைத்தார். வயலில் மண்புழு செய்யும் வேலையையே களப்புச் சேற்றிலும் கடற்றரையிலும் கடற்புழுக்கள் செய்கின்றன.

சேற்றைச் சிறிது தோண்டிப் பார்த்தால், மேற்பரப்பில் மெல்லிய கபில நிறப் படையும் அதன்கீழ் அழுகிய முட்டையின் மணமுள்ள கரும் படையும் காணப்படும். மேற்படையில் உயிர்வாயு உண்டு. கீழ்ப்படையில் அஃது இல்லை. புழுக்கள் தாம் வாழும் வளைகளினூடே நீரை இழுத்துச் செலுத்துவதால், உயிர்வாயு கீழ்ப்படையினுள்ளும் இறங்குகின்றது. வளையைச் சுற்றியுள்ள சேறு நிறம் மாறியிருப்பதை உற்று நோக்குவோர் காணலாம். அழுகும் இலையும் பாசியும் சிதைந்து மீண்டும் உணவாவதற்கு இத்தொழில் இன்றியமையாதது. புழுக்கள் அற்றுப்போன சேறு உழப்படாத வயலை ஒக்கும். நாளடைவில் நாற்றமெடுத்து, இறாலும் மீனும் அணுகாத இடமாகிவிடும்.

கடற்புழுக்களின் வகைகள்

புழு என்னும் ஒரு சொல்லால் நாம் பல்வேறு குலங்களைச் சேர்ந்த உயிர்களைக் குறிக்கின்றோம். நீண்டு மெலிந்த உடலன்றி அவற்றிடையே ஒற்றுமை அதிகமில்லை.

இவற்றுள் முதன்மையானவை மண்புழுவின் உறவினமான வளையப் புழுக்கள். இவற்றின் உடல் பல வளையங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் நுண்ணிய சுணைகள் நிற்கும். ஆதலின் இவை பல்சுணைப் புழுக்கள் எனப்படும். உலகில் இதுவரை பதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

இவை வாழும் முறையால் பலவாகப் பிரியும். சில சேற்றின் மேலும் உள்ளும் ஊர்ந்து திரிந்து, தாடைகளாற் சிற்றுயிர்களையும் பாசியையும் பற்றி உண்ணும். சில மணலையே விழுங்கி, அதிலுள்ள உணவைச் சீரணித்து, எஞ்சியதைக் கயிறு சுருண்டாற்போலக் குவியலாக வெளியேற்றும். நீர் வற்றிய மணற்றிடல்களிற் காணப்படும் சுருட் குவியல்களுட் பல இத்தகையனவே. வேறு சில சேற்றாலும் ஓட்டுத் துண்டுகளாலும் குழாய் கட்டி உள்ளே அமர்ந்து, நூல் போன்ற உணர்கொம்புகளை வெளியே பரப்பி உணவைத் திரட்டும். இன்னும் சில வெண்ணிறச் சுண்ணக் குழாய்களை அமைத்துக் கல்லிலும் சிப்பி ஓட்டிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும்.

இவையன்றி, தட்டைப் புழுக்கள், நாடா போன்று நீண்டு பிற புழுக்களை வேட்டையாடும் நாடாப் புழுக்கள், வளையங்களின்றி நிலக்கடலை வடிவிற் சுருங்கும் புழுக்கள், கண்ணுக்குப் புலப்படாத உருளைப் புழுக்கள் எனப் பல குலங்கள் உள. கைப்பிடியளவு சேற்றிலேயே உருளைப் புழுக்கள் ஆயிரக்கணக்கில் இருத்தல் கூடும்.

ஓர் எச்சரிக்கை இங்குக் கூறுதல் தகும். பல்சுணைப் புழுக்களுட் சிலவற்றின் சுணைகள் கண்ணாடித் துகள்போல் எளிதில் முறிந்து தோலிற் பதிந்து எரிவை உண்டாக்கும். வலையிற் சிக்கிய மயிரடர்ந்த புழுவை வெறுங்கையாற் பிடித்தலாகாது.

மெல்லுடலிகளின் வகைகள்

மெல்லிய உடலும், பெரும்பாலானவற்றில் அதனைக் காக்கும் சுண்ண ஓடும் உடையவை மெல்லுடலிகள். உலகில் ஏறக்குறைய 80,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. நம் கரையோரத்தில் முக்கியமானவை மூன்று வகுப்பின.

முதலாவது, ஒற்றை ஓடுடைய நத்தை வகுப்பு. சங்கு, சோகி, ஊரி யாவும் இதனைச் சேர்ந்தவை. கண்டற் காட்டின் அடியிலும் சேற்று விளிம்பிலும் கூட்டங் கூட்டமாக ஊரும் சிறு ஊரிகள், சேற்றின் மேற்படியும் பாசியையும் மக்கிய இலைத் துகளையும் சுரண்டி உண்கின்றன. இவ்வகுப்பிலேயே கூம்பு வடிவான ஓடுடைய நத்தைகளும் உள. இவை நச்சு முள்ளை எய்து இரையைக் கொல்வன. இவற்றுட் சில இனங்களின் நஞ்சு மனித உயிருக்கும் ஆபத்தானது. ஆதலின் அழகிய கூம்பு ஓட்டினை உயிருடன் கண்டால் சிறுவர் அதனைக் கையிலெடுக்க இடமளித்தலாகாது.

இரண்டாவது, இரட்டை ஓடுடைய சிப்பி வகுப்பு. மட்டி சேற்றினுட் புதைந்து, இரு குழல்களை மட்டும் மேலே நீட்டி நீரை உள்வாங்கி வெளிவிடும். கண்டல் வேரிலும் கல்லிலும் ஒட்டும் சிப்பிகள் நீரிலுள்ள நுண்பாசியை வடித்து உண்ணும். நன்கு வளர்ந்த பெரிய சிப்பியொன்று உகந்த நிலையில் நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீரையும் வடிக்கவல்லது. சிப்பிப் படை நிறைந்த களப்பின் நீர் தெளிந்திருப்பதற்கு இதுவே காரணம். நீரிலுள்ள அழுக்கும் நச்சுப் பொருளும் சிப்பியின் உடலிற் சேர்வதற்கும் இதுவே காரணமாகும். கழிவு சேரும் வாய்க்கால் முகத்தில் எடுத்த மட்டியை உண்ணலாகாது.

மூன்றாவது, கணவாய் வகுப்பு. ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க்கணவாய் ஆகியன நத்தையினதும் சிப்பியினதும் உறவினம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இவற்றின் ஓடு உடலினுள்ளே மறைந்தோ, முற்றாக அற்றோ போயிற்று. வைத்தியத்திற் கடல்நுரை என வழங்குவது ஓட்டுக் கணவாயின் உள்ளோடேயாகும்.

பெயரால் எழும் மயக்கம்

பெயரை நம்பி உயிரின் இனத்தைத் தீர்மானித்தல் தவறாகும். இதற்கு இரு எடுத்துக்காட்டுகள் நம் கரையிலேயே உள.

கடலட்டை அட்டையுமன்று, புழுவுமன்று. அது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளிக்கும் உறவான முட்டோலிக் குலத்தைச் சேர்ந்தது. இரணைதீவு மக்கள் 1992ஆம் ஆண்டில் தம் தீவைவிட்டு இடம்பெயர்ந்து 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மீண்டும் அங்குச் சென்றனர். அவர்களின் பிழைப்பிற்கு ஆதாரமானவற்றுள் கடலட்டையும் ஒன்று. அதுவும் சேற்றை விழுங்கி வாழ்வதால், தொழிலளவிற் புழுக்களுக்குத் துணையாகின்றது.

மற்றொன்று மரந்துளைக்கும் கப்பற்புழு. பெயர் புழுவெனினும் இஃது இரட்டை ஓட்டுச் சிப்பி இனமாகும். ஓடு சிறுத்து, தலைப்புறத்தில் அரம்போன்ற கருவியாகி, மரத்தைக் குடைய உதவுகின்றது. புறத்தே ஊசித் துளையளவே தெரியுமாயினும் உள்ளே மரம் தேன்கூடு போலாகிவிடும். தான் குடைந்த துளையின் சுவரைச் சுண்ணத்தாற் பூசிக்கொண்டு முன்னேறும் இதன் முறையே, நீரின் அடியிற் சுரங்கம் தோண்டும் கருவியை அமைக்க மார்க் புரூனெல் என்னும் பொறியியலாளருக்கு வழிகாட்டியது என்பர். அவர் இலண்டன் நகரில் தேம்ஸ் நதியின்கீழ் அமைத்த சுரங்கம் 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மர வள்ளமும் தோணியும் உடையோர் அவற்றைக் காலந்தோறும் கரையேற்றி நன்கு காயவிட்டு, அடிப்புறத்தைச் சுரண்டிப் பூச்சிடுதல் வேண்டும். ஆயினும் இவ்வுயிரை முழுப் பகையெனக் கொள்ளலாகாது. கண்டற் காட்டில் வீழ்ந்த மரங்களைச் சிதைத்துக் களப்பிற்கு உணவாக்குவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

சங்கும் புழுவும்

சேற்றின் வளத்திற்கும் கரையோர மக்களின் வருமானத்திற்கும் உள்ள தொடர்பைச் சங்கின் வாழ்க்கை நன்கு விளக்குகின்றது.

பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் விளையும் சங்கு, கோயில்களில் ஊதுவதற்கும் வங்காளத்தில் வளையல் அறுப்பதற்கும் பன்னெடுங் காலமாக ஏற்றுமதியாயிற்று. யாழ்ப்பாணப் பரவைக்கடலின் அடியிற் புதையுண்டு கிடந்த பழஞ் சங்குகளைத் தோண்டியெடுக்கும் தொழிலும் முன்னர் நடைபெற்றது. 1902ஆம் ஆண்டில் மன்னார்ப் பார்களின் முத்துச் சிப்பிகளை ஆராயப் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோனெல் பின்னர் சங்கினைப் பற்றித் தனி நூலொன்றை 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஹேர்ட்மன் சேகரித்த பல்சுணைப் புழுக்களை ஆதர் விலி என்பவர் ஆராய்ந்து 1905ஆம் ஆண்டில் அறிக்கை எழுதினார். நம் கடலின் புழுக்களும் மெல்லுடலிகளும் முறையாக ஆராயப்பட்டு வருதல் நூற்றாண்டுக்கு மேற்பட்டதாகும்.

சங்கின் முக்கிய உணவு பல்சுணைப் புழுக்களே. சிறப்பாக, மணலிற் குழாய் கட்டி வாழ்பவை. புழு மிகுந்த மணற்றரையிலேயே சங்கும் மிகுந்திருக்கும். புழு அழிந்த தரையில் சங்கு நிலைப்பதில்லை.

அன்றியும், பெரும்பாலான சிப்பியினங்களின் குஞ்சுகள் முதலில் நீரில் மிதந்து நீரோட்டத்துடன் வெகுதூரம் பரவும். சங்கு அவ்வாறு செய்வதில்லை. ஆட்டுக் கொம்பு போன்று வளைந்து பல அறைகளையுடைய முட்டைக் கூட்டினைத் தாய்ச் சங்கு மணலில் ஊன்றி வைக்கும். இதனைச் சங்கு குளிப்போர் சங்குப்பூ என்பர். அதனுள்ளேயே வளர்ந்து சிறு சங்கின் உருவைப் பெற்ற பின்னரே குஞ்சுகள் வெளியேறி அவ்விடத்து மணலில் ஊரத் தொடங்கும். ஆதலின் ஓரிடத்துச் சங்கினை முற்றாக வாரியெடுத்தால் வேறிடத்துக் குஞ்சுகள் விரைந்து வந்து அவ்விடத்தை நிரப்பா. முதிராத சங்கினை எடுப்பது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும். விட்டம் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கினை எடுத்தலாகாது என விதி செய்யப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

கடலடியை அரித்துச் செல்லும் இழுவை மடியினால் நேரும் கேடும் இதனால் விளங்கும். அது மீனை மட்டும் பிடிப்பதன்று. புழுக்களின் குழாய்களை உடைத்து, சங்குப்பூவைப் பிடுங்கி, கடற்புல்லை வேருடன் அறுக்கின்றது. அடித்தள இழுவைமடித் தொழிலை இலங்கைச் சட்டம் 2017ஆம் ஆண்டில் தடைசெய்தது. தடை இருந்தும் பாக்கு விரிகுடாவில் அத்தொழில் முற்றாக ஒழிந்தபாடில்லை. நாச்சிக்குடா, வலைப்பாடு முதலிய கரைகளிற் சிறு வள்ளத்துடன் தொழில் செய்வோர் இழப்பது வலையை மட்டுமன்று, கடற்றரையின் விளைவையுமாகும்.

பல்வகைமையே நலத்தின் அறிகுறி

களப்பு ஓராண்டினுள் பல நிலைகளை அடைகின்றது. வடகீழ்ப் பருவமழையில் ஆற்றுநீர் நிறைந்து உப்புக் குறையும். நீர் பெருகி மணற்றிட்டு உடையும்போது கடலும் களப்பும் கலக்கும். கோடையில் வாய் அடைபட்டு நீர் வற்றி, உப்பு கடலினும் மிகும். இம்மாற்றங்களை எல்லா உயிரும் ஒருங்கே தாங்கா. ஒரு காலத்தில் ஓரினம் குறையும்போது வேறோர் இனம் பெருகி அதன் தொழிலை ஏற்கும். பல இனங்கள் இருப்பதாலேயே களப்பின் தொழில் ஆண்டு முழுவதும் தடைபடாது நடக்கின்றது. ஒரே நெல்லினத்தை ஊர் முழுவதும் விதைத்தவர், நோய் வந்தபோது படும் இடரை நினைத்தால் இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

கழிவும் அழுகற் பொருளும் மிகுந்து உயிர்வாயு குன்றிய சேற்றிற் பெரும்பாலான இனங்கள் மடிந்துபோக, சிவந்த நூல் போன்ற ஒருவகைச் சிறு புழு மட்டும் திரளாகப் பெருகும். அத்திரளைக் கண்டு சேறு வளமானதெனக் கொள்ளலாகாது. பல இனங்கள் அளவாகக் காணப்படுவது நலம். ஓரினம் மட்டும் அளவின்றிப் பெருகுவது நோய்.

பறவைகளும் இதற்குச் சான்றாகும். குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து வரும் உள்ளான் வகைகளுள், குட்டை அலகுடையவை மேற்பரப்பிலுள்ள சிறு நத்தையையும் புழுவையும், நீண்ட அலகுடையவை ஆழத்திலுள்ள புழுக்களையும் உண்கின்றன. பலவகை அலகுகள் ஒரே திடலில் மேய்வதால் பலவகை இரை அங்கு உண்டென அறியலாம். சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டு 2015ஆம் ஆண்டில் தேசிய வனமாகத் தரமுயர்த்தப்பட்டது. கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக உள்ளது.

வயலும் களப்பும்

இக்களப்புகள் நம் வயல்களின் கீழ்ப்புறத்தே உள்ளவை. வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் தோன்றும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தை நிரப்பிச் சுண்டிக்குளக் களப்பில் விழுகின்றது. முத்தையன்கட்டுக் குளத்திற்கு நீரளிக்கும் பேராறு நந்திக்கடலைச் சேர்கின்றது. ஆகவே நெடுங்கேணியிலோ கிளிநொச்சியிலோ வரம்பைக் கடந்து வெளியேறும் நீர் எதனைச் சுமந்து செல்கின்றதோ, அதனையே களப்புப் புழுவும் சிப்பியும் ஏற்கின்றன.

அளவுக்கு மிஞ்சிய யூரியா வயலில் நில்லாது நீருடன் வடியும். களப்பில் அது பாசியைப் பெருக்கும். பாசி மடிந்து அழுகும்போது உயிர்வாயு குன்றிச் சேற்றுயிர்கள் மூச்சற்று மடியும். பூச்சிநாசினிகள் இறாலையும் நண்டையும் இளஞ் சிற்றுயிர்களையும் மிகச் சிறிய அளவிலேயே தாக்கவல்லன. கமக்காரருக்கும் இது வீண் செலவேயாகும். வடிந்தோடும் பசளை, பணம் கொடுத்து வாங்கிய பசளையன்றோ?

இதனால் இழப்பவர் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் முடிவடைந்தன. வள்ளமும் வலையும் வீடும் இழந்து, பின்னர் மீள்குடியேறிய குடும்பங்கள் பல. ஆழ்கடல் செல்லப் பெருமுதல் வேண்டும். களப்பில் இறங்கி இறால் பிடிக்கவும் மட்டி பொறுக்கவும் கையும் கூடையும் சிறு வலையும் போதும். கணவரை இழந்த பெண்கள் பலருக்கும் களப்பே முதலில்லாத் தொழிலிடம். அதன் சேறு உயிரற்றுப் போனால் அவர்களுக்கு மாற்று வழி எளிதன்று.

கமக்காரரும் மீன்பிடிப்போரும் செய்ய வேண்டியவை

1. பசளையைச் சிபார்சு செய்த அளவில் பகுதி பகுதியாக இடுக. பெருமழை வருமெனத் தோன்றும் நாளில் இடற்க.

2. பூச்சிநாசினியோ களைநாசினியோ தெளித்த வயலின் நீரை உடனே வடியவிடற்க. சிட்டையிற் குறித்த நாள்வரை வரம்பைக் கட்டி நீரைத் தேக்குக.

3. தெளிகருவியையும் வெற்றுப் போத்தல்களையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ கழுவற்க.

4. ஆற்றங்கரை மரங்களையும் களப்போரக் கண்டலையும் வெட்டற்க. அவை வண்டல் மண்ணைத் தடுத்து நிறுத்துவதோடு சிப்பி ஒட்டுவதற்கும் இடமளிக்கின்றன.

5. சிறு மட்டியையும் முதிராச் சங்கினையும் எடுக்கற்க. தவறி வலையில் வந்த சங்குப்பூவை உடனே கடலில் இடுக.

6. மட்டி பொறுக்கும்போது ஒரே திடலை முற்றாகக் கிளறற்க. ஒரு பகுதியை விட்டுவைத்து, ஆண்டுதோறும் இடத்தை மாற்றுக.

7. சுண்ணாம்பு சுடுவதற்கும் கோழித் தீனிக்கும் கரையொதுங்கிய வெற்றோடுகளையே திரட்டுக. உயிருள்ள சிப்பிப் படைகளை உடைக்கற்க.

8. களப்பு வாயை வெட்டுவதாயின் தனித்து வெட்டற்க. கடற்றொழிலாளர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் கூடி, உரிய உத்தியோகத்தரின் அனுமதியுடன் காலமறிந்து செய்க.

காலபோகக் கூட்டங்களில் நீர்திறப்பு, விதைப்புத் தேதி ஆகியன பேசப்படுவதுபோல், வயல்நீர் வடியும் களப்பின் நிலையும் பேசப்படுதல் நன்று. அக்கூட்டத்திற்கு அண்மைக் கரையோரக் கிராமத்தின் கடற்றொழிலாளர் சங்கப் பிரதிநிதி ஒருவரையும் அழைக்கலாம். பசளை, நாசினி ஆகியவை பற்றிய விவரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலும், சங்கு, சிப்பி பற்றிய விதிகளை மாவட்டக் கடற்றொழில் பரிசோதகரிடமும் கேட்டறிந்து கொள்க.